தருமசாலையா, டென்னிஸ் கிளப்பா?

சங்கத்துக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, என்பது நாற்பது எஜமான்களுக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்து பதில் சொல்லுகிற வேலை. எங்காவது ஒரு சங்கத்தில் காரியதரிசியாகவோ, குறைந்தபட்சம் கூட்ட நோட்டீசை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவராகவோ இருந்து அல்லல்பட்டவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழர் சங்கத்தில் நான் சம்பளக் கிராணி. ரெயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பலகை வீடு இருந்தது. வேலை போனவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்ட பிறகு போக இடமில்லாதவர்கள் என்று பதினோரு பேர் அதில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, பாய் உதறி, சண்டை தீர்த்து அந்த வீட்டை நடத்தியவள் அஞ்சலை என்கிற ஐம்பது வயது அம்மாள். முன்பக்கத்து அறையில் என் மேஜை. மாதம் ஒருமுறை அங்கே கமிட்டி கூடும். மற்ற நாளெல்லாம் நானும் அந்தப் பதினோரு பேரும் அஞ்சலையும்தான்.

ஒரு சொல்லும் மூன்று அர்த்தமும்

ஒருநாள் வரி ஆபீசிலிருந்து ஒரு நீளமான உறை வந்தது. எங்கள் வீடு தரும ஸ்தாபனம் என்று சொல்லி இத்தனை வருஷமாக வீட்டு வரி இல்லாமல் இருக்கிறது. அது மெய்யாகவே தரும ஸ்தாபனம்தானா என்று பார்க்க மூன்று வாரத்தில் ஒரு அதிகாரி வருவார். சங்கத்தின் விதிகள் அடங்கிய சட்டப் புத்தகம், தங்கியிருப்பவர் பட்டியல், நன்கொடையாளர் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. தரும ஸ்தாபனம் இல்லை என்று தீர்ந்தால் பழைய வரியையும் சேர்த்துக் கட்டவேண்டும். அதற்கு வீட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவசரக் கமிட்டி கூடியது. தலைவர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், ரெயில்வேயில் பெரிய கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர், கடிதத்தின் தமிழ் நகலை எழுந்து நின்று வாசித்தார். கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொண்டார்கள். சர்க்கார் நமக்குத் தருமம் கொடுக்கப்போகிறது என்று ஒருவர் கைதட்டினார். வீட்டைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப்போகிறது என்று இன்னொருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நான் நடுவில் நின்று இரண்டும் இல்லை என்றேன். பிறகு என்னவென்று கேட்டார்கள். நான் விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உபதலைவர் வேலாயுதம் பிள்ளை, கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அப்போ தர்மம் பண்றதுக்கும் லைசென்ஸ் வேணுமா, கிராணி? கள்ளுக்கடைக்காரன்கூட ஒரு லைசென்ஸை எடுத்து மாட்டிட்டு நிம்மதியா உக்காந்திருக்கானே!"

இரண்டு புத்தகங்கள்

முதல் வேலையாகச் சட்டப் புத்தகத்தைத் தேடினேன். பீரோவில் இரண்டு கிடைத்தன. ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். தமிழ்ப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'ஆதரவற்ற தமிழ் மக்களுக்கு அன்னமும் இடமும் அளித்தல்' என்று சங்கத்தின் நோக்கம் அழகாக அச்சாகியிருந்தது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தேன். அதில், 'அங்கத்தினரிடையே டென்னிஸ், கிரிக்கெட் முதலிய விளையாட்டுகளையும் நல்ல பொழுதுபோக்கையும் வளர்த்தல்' என்று இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் சங்கத்தின் பெயர்தான். வேறு சங்கத்துப் புத்தகம் தவறி வந்துவிட்டதோ என்று மறுபடியும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் தலைவர் அருளம்பலத்தின் கையெழுத்து, பக்கத்தில் சர்க்கார் முத்திரை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வெராந்தாவில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டியதும் முகம் மாறியது. சங்கத்தைப் பதிவு செய்ய ஒரே நாள் பாக்கி இருந்ததாம். ரெயில்வே கிளப்பின் ஆங்கிலச் சட்டப் புத்தகம் மேஜையில் கிடந்ததாம். தமிழர் மட்டும் என்று ஒரு விதியைச் சேர்த்து, கிளப்பின் பெயர் இருந்த இடத்தில் எங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அப்படியானால் சர்க்கார் கண்ணில் நாம் யார் என்று நான் கேட்டேன். அவர் சுருட்டை அணைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தமிழிலை நாங்கள் தருமசாலைதான் காணும். இங்கிலீசிலைதான் டென்னிஸ் கிளப்."

பட்டியல்

அடுத்தது தங்கியிருப்பவர் பட்டியல். பெயர், வயது, பழைய வேலை, கடைசியில் 'வறுமைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனேன். முதலில் காளியப்பன். கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். எழுபது வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததை நான் 'ஆதரவற்றவர்' என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "நாப்பது பேரை ஊர்லருந்து கூட்டியாந்து ஆளாக்குனவன் நான். என்னைப் போயி ஆளில்லாதவன்னு எழுதுவியா?" என்றார். அவர் கட்டத்தில் 'முதுமை' என்று எழுதினேன். அதுவும் அவருக்குப் பிடிக்காது என்பதால் சொல்லாமல் எழுதினேன்.

பிறகு பொன்னம்மாள். இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் வேலை தேடிப் பினாங்குக்குப் போகிறேன் என்று போனவன், எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அந்த நாட்களில் பிழைக்க வழியில்லாத தமிழர்களைச் சர்க்கார் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இவளோ கிள்ளானில் பிறந்தவள். இந்தியாவில் அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. புருஷன் திரும்பி வந்தால் எங்கே தேடுவான் என்பது ஒன்றுதான் அவள் கவலை. அவளை ஏழை என்று எழுதினால் வீடு தப்பும், அவளுக்கு ஆபத்து. எழுதாவிட்டால் அவள் தப்பினாலும் வீடு தரும ஸ்தாபனம் ஆகாது. பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டே இருந்தேன். மை சொட்டிப் பெரிய புள்ளி ஆகிவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏழைன்னு எழுதுனா கப்பல்ல ஏத்திருவாங்க. எழுதலைன்னா வீட்டைவிட்டு எறக்கிருவாங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்கய்யா, நான் அதுக்குத் தக்கபடி மூட்டை கட்டிக்கிறேன்."

கிள்ளானில் ஒரு கையெழுத்து

வீடு வெளியார் தருமத்தில் நடக்கிறது, அங்கத்தினர் தங்களுக்குத் தாங்களே சோறு போட்டுக்கொள்ளவில்லை என்று காட்ட நன்கொடையாளர் கடிதம் வேண்டும். மாதாமாதம் எங்களுக்கு இரண்டு மூட்டை அரிசி கிள்ளானிலிருந்து ரெயிலில் வரும். அனுப்புகிறவர் பெயர் இருக்காது. வேலாயுதம் பிள்ளையைக் குடைந்து குடைந்து கேட்டதில், அது அரிசிக்கடை ராவுத்தர்தான் என்று ஒருவழியாகச் சொன்னார். கிள்ளானுக்கு ரெயிலேறினேன்.

ராவுத்தர் கடையில் கூட்டம். என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்து, "எந்த அரிசி? எந்த வீடு?" என்றார். நான் வீட்டின் நிலைமையைச் சொன்னேன். பதினோரு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. காகிதம் எடுத்து மெதுவாக எழுதி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். வாசித்தேன்: 'மேற்படி வீட்டுக்கு மாதம் இரண்டு மூட்டை அரிசி தருமமாகப் போவது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அனுப்புகிறவர் இன்னார் என்று எனக்குத் தெரியாது.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று விழித்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"பேரு போட்டுக் குடுத்தா அது குடுத்ததுல சேராது தம்பி. நான் குடுக்கிறது எனக்கே தெரியாத மாதிரித்தான் இத்தனை வருஷமா குடுத்துட்டு வர்றேன். நீங்க வந்து திடீர்னு ஞாபகப்படுத்துனா எப்படி?"

கிழிசலா, வெளுப்பா?

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். அஞ்சலைக்கு மூன்று நாளாகவே அதே வேலை. பலகைச் சுவரைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். டோபியிடம் கெஞ்சி எல்லாருடைய துணியையும் வெளுத்து வைத்திருந்தாள். காளியப்பனுக்கு எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் கிடைத்திருந்தன. வரிசையாக நின்றவர்களைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தது.

தலைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இவையளைப் பாத்து எந்தத் துரையாவது ஏழைப்பட்ட சனம் எண்டு சொல்லுவானோ? பழைய உடுப்பை உடுக்கச் சொல்லும்!" என்று என்னிடம் சொன்னார். நான் அஞ்சலையிடம் சொன்னேன். துரை முன்னால் மானமாக நிற்பதா, வீட்டைக் காப்பாற்ற அழுக்காக நிற்பதா என்று வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். காளியப்பன் கோட்டின் பொத்தானை இன்னும் ஒன்று சேர்த்துப் போட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. அதனால் நான் ஒரு பக்கமும் பேசவில்லை. அஞ்சலை முந்தானையைச் செருகிக்கொண்டு தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

"கிழிஞ்சதைக் கட்டிட்டு நின்னா, இத்தனை நாளா நீ என்னத்தைப் பாத்துக்கிட்டேன்னு துரை என்னையில்ல கேப்பாரு?"

ஆ லோக்கின் பெட்டி

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் சீனர். பெயர் ஆ லோக், தச்சர். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்து வெளியே விட்ட பிறகு, எங்கள் வாசலுக்கு எதிரே மழையில் கிடந்தார். அஞ்சலை இரண்டு பேரைத் துணைக்கு வைத்துத் தூக்கிவந்துவிட்டாள். அது நடந்து நாலு மாதம். அவளுக்கும் அவருக்கும் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில்தான் பேச்சு. ரசத்தை அவர் 'ஆயர் லாடா' என்பார். மிளகுத் தண்ணீர் என்று அர்த்தம். அது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. விந்தி விந்தி நடந்துகொண்டே வீட்டின் கதவு ஜன்னல்களையெல்லாம் இழைத்து மாற்றிவிட்டார். எங்கள் இரண்டு சட்டப் புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே இடம், வீடு தமிழருக்கு மட்டும் என்ற விதிதான். அதனால் ஒத்திகை முடிந்து போகும்போது தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாளைக்கு அந்தச் சீனனைக் கோப்பிக் கடையிலை இருத்தி வையும். துரை போன பிறகு கூட்டி வரலாம்" என்றார்.

நான் போய் ஆ லோக்கிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். 'நாளைக்குப் போ, பிறகு வா' என்பதில் முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. பெட்டியை இழுத்து, உளி, இழைப்புளி, சுத்தி என்று ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அடுக்கத் தொடங்கினார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். நான் ஆட்ட ஆட்ட அவர் வேகமாக அடுக்கினார். கடைசியில் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் மலாயில் கேட்டார். தமிழில் அது இதுதான்:

"இந்த வீட்டுக் கதவெல்லாம் நான் செய்தது. எந்தக் கதவு வழியாகப் போகவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்."

முற்பகல்

இதற்கு நடுவில் நான் ஒரு பிசகு செய்திருந்தேன். அதிகாரி வருகிற நேரம் கடிதத்தில் முற்பகல் என்று இருந்தது. கமிட்டிக்காகத் தமிழில் நகல் எழுதும்போது நான் அதைப் பிற்பகல் என்று எழுதிவிட்டேன். ஆகவே எல்லா ஏற்பாடும் மூன்று மணிக்கு. காலை பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றபோது தலைவர் தம் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் பிள்ளை கிள்ளான் ஸ்டேஷனுக்கே வந்திருக்கமாட்டார். ஆ லோக் பின்கட்டில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இறங்கியவர் ஒரு இளவயது வெள்ளைக்காரத் துரை. முன்னறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில், கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாகக் காளியப்பன் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் மாட்டிக்கொண்டவர், கழற்றவில்லை. துரை நேராகப் போய் அவர் கையைக் குலுக்கி, "தலைவரைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றார். அவர் தலைவர் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். காளியப்பன் துளிகூடத் திகைக்காமல் எழுந்து, நாற்பது ஆளை வேலைக்கு நிறுத்தியவர் அல்லவா, "வாங்க துரை, பாக்கலாம்" என்று முன்னால் நடந்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

துரை ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, இங்கே எத்தனை அங்கத்தினர் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். "மெம்பருங்களா? அவங்க யாரும் இங்க தங்கமாட்டாங்க துரை. அவங்களுக்கெல்லாம் வீடு இருக்கு" என்றார் காளியப்பன். சரி, விளையாட்டு எங்கே நடக்கிறது என்று அடுத்த கேள்வி. அதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? "துரை, விளையாட எங்கே இடம்னு கேக்கிறார்" என்றேன். காளியப்பன் யோசித்துவிட்டு, சமையலறை வாசலில் பொன்னம்மாளின் குழந்தை தேங்காய்ச் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்த இடத்தைக் கையால் காட்டினார். துரை குழந்தையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்குள் பின்கட்டுக்கு வந்துவிட்டோம். பெட்டிமேல் இருந்த ஆ லோக் எழுந்து நின்றார். துரைக்கு மலாய் தெரியும். யார், எத்தனை நாள் என்று அவரையே விசாரித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, "இவரும் தமிழரா?" என்று என்னைக் கேட்டார். கேலியா, குற்றச்சாட்டா என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாம் போயிற்று என்று மட்டும் தோன்றியது. அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த அஞ்சலை, துரை என்ன கேட்கிறார் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி என்னை முறைத்தாள். நானும் சொல்லிவிட்டேன்.

"மழையில கெடந்தவனைத் தூக்கறப்போ, நீ எந்தச் சாதி சனம்னு கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்லை. இப்பவும் நேரமில்லை, பருப்பு அடிப்பிடிச்சிரும்."

புள்ளி விழுந்த கட்டம்

துரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தார். பொன்னம்மாள் பெயருக்கு எதிரே இருந்த மைப்புள்ளியில் விரல் நின்றது. இது என்ன என்றார். பேனா சொட்டிவிட்டது என்றேன். சொட்டினால் பக்கத்தில் எழுதியிருக்கலாமே என்றார். பிறகு, அந்த அம்மாளையே கூப்பிடுங்கள் என்றார்.

பொன்னம்மாள் குழந்தையோடு வந்து நின்றாள். ஏதாவது பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ளேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். என்ன பொய் சொன்னால் தப்பலாம் என்பது எனக்கும் தெரியவில்லை. துரை, ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்தவள் மாதிரி, துரையைப் பார்த்தே பேசினாள். நான் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னேன். முடித்ததும் துரை வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்:

"என் வீட்டுக்காரர் வேலை தேடிப் போனாரு, வரலை. நான் பொறந்தது கிள்ளான். கப்பல்ல ஏத்தினா எறங்கறதுக்கு எனக்கு ஊரு இல்லை துரை."

தலைவர் வந்தார்

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, தலைவர் அருளம்பலம் ஈரத் தலையோடு ரிக்ஷாவில் வந்து இறங்கினார். அவர்தான் தலைவர் என்று நான் அறிமுகம் செய்துவைத்தேன். அப்படியானால் இதுவரை கூட வந்தவர் யார் என்று துரை காளியப்பனைப் பார்த்தார். இங்கே தங்கியிருப்பவர் என்றேன். துரை காளியப்பனிடம் மறுபடியும் கையை நீட்டிக் குலுக்கினார். ஏன் குலுக்கினார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காளியப்பனுக்குத் தெரிந்திருக்கலாம், அவர் சொல்லவில்லை.

தலைவர் நல்ல மனுஷர். மறைக்கத் தெரியாதவர். ரெயில்வே கிளப் புத்தகத்தைப் பார்த்து எழுதினது தன் பிழை, சங்கத்தின் பிழை அல்ல. தண்டனை ஏதாவது இருந்தால் தனக்குக் கொடுக்கட்டும். வீட்டில் இருப்பவர்களை ஒன்றும் செய்யவேண்டாம் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷம் துரைமாரோடு வேலை பார்த்தவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ராவுத்தர் கடிதத்தையும் அவரே நீட்டினார். துரை அதை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு எல்லாக் காகிதத்தையும் தோல் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அன்று ராத்திரியே தமிழில் எழுதிவைத்தேன்.

"டென்னிஸ் கிளப் என்று பார்த்தால் உங்கள் சங்கம் முழுத் தோல்வி. வேறு என்னவென்று நான்தான் யோசித்து எழுதவேண்டும்."

பதில்

அது நல்ல பேச்சா கெட்ட பேச்சா என்று கமிட்டி ஒரு மாதம் விவாதித்தது. அந்த ஒரு மாதமும் வாசலில் யார் நின்றாலும் பொன்னம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஆ லோக் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. வேண்டிய கருவியை மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் திரும்பச் சுற்றி வைத்தார். நான் இரண்டு பேருக்கும் ஏதாவது ஆறுதல் சொல்லப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல எனக்கே எதுவும் தெரியாததால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

பிறகு பதில் வந்தது. தலைவர் வாசித்தார். 'மேற்படி சங்கம் தன் சட்டப் புத்தகத்தில் கண்ட நோக்கம் எதையும் நிறைவேற்றியதாகத் தெரியவில்லை. வீடு வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டு வருகிறது. அந்த வேறொரு காரியம் நீடிக்கும்வரை வரிவிலக்கும் நீடிக்கும். சட்டப் புத்தகத்தைத் திருத்திக் கொடுக்கவும்.' வேலாயுதம் பிள்ளை இது நம்மைத் திட்டியிருக்கிறது என்றார். இன்னொருவர் பாராட்டு என்றார். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். தலைவர் மட்டும் அன்றைக்கே ஒரு புது ஆங்கிலப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். எதையும் பார்க்காமல் அவரே எழுதினார். 'தமிழருக்கு' என்று எழுதினவர், கொஞ்ச நேரம் பின்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, அதை அடித்து 'எவருக்கும்' என்று மாற்றினார். கமிட்டியில் அதற்கு இரண்டு பேர் எதிர்ப்பு. மற்றவர்கள் களைத்துப்போயிருந்ததால் நிறைவேறியது.

பொன்னம்மாளைத் தேடிக்கொண்டு எந்த ஆபீசிலிருந்தும் யாரும் வரவில்லை. பட்டியலை யாராவது வேறு ஆபீசுக்கு அனுப்பினார்களா, அனுப்பாமலே வைத்துக்கொண்டார்களா, அதுவும் தெரியாது. அவள் புருஷனும் வரவில்லை. நான் அந்த வேலையை விட்டுப் போகும்போது அவள் அங்கேயே சமையலில் அஞ்சலைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆ லோக் சில மாதத்தில் கால் நேராகி வேலைக்குப் போய்விட்டார். போகும்போது பெட்டியை முன்வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் பதில் வந்த அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். கமிட்டி இன்னும் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தது. வீடு நிலைத்தது என்று நான் மட்டும் உள்ளே போய்ச் சொன்னேன். எல்லாரும் சுற்றி நின்று, அப்படியென்றால் என்ன, யார் சொன்னது, எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். நான் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். அஞ்சலை நடுவில் வந்து நின்றாள்.

"அதெல்லாம் அப்புறம் வெளக்குங்க. அரிசி ஊறிக் கெடக்கு. முன்னால கத்திட்டு இருக்கிறவங்களுக்கும் சேத்து ஒலை வைக்கணுமா, அதை மட்டும் கேட்டுட்டு வாங்க."

இத்தனை அவதியிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்; அது என்னவென்று இன்னும் பிடிபடவில்லை, உங்கள் சங்கத்தில் யாருக்காவது தெரிந்தால் தமிழில் எழுதி அனுப்பவும்.